எண் தேய்த்த ஐசி

14.8.91, புதன்.

ஊசி மாற்றப் போன பனியன் கம்பெனியில், நிட்டிங் மெஷினின் சுற்றுகளை எண்ணும் புதுப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செய்தவன் என் நண்பன் செல்வராஜ்; பெட்டியருகே நின்றிருந்தான். எண்ணிக்கையை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃப்ளாப்புக்கு 7474 என்ற ஐசி சில்லே போதும் என்று அடம்பிடித்தவன் அவன். அது ஐந்து வோல்ட்டைத் தாண்டினால் போய்விடும், பன்னிரண்டைத் தாங்கும் 4013 தான் சரி என்று என் வீட்டு மேசையில் ஒரு மாதம் சோதித்துக் காட்டியவன் நான்.

மூடியைத் திறந்தேன். ஐசியின் மேல் அச்சிட்ட எண்ணே இல்லை. உப்புத்தாளால் தேய்த்திருந்தான்.

"என்ன ஐசிடா போட்ட?" என்றேன்.

முதலாளி பக்கத்தில் நின்றார். "அது தொழில் ரகசியமுங்க," என்றான் செல்வராஜ், யாரோ ஒருவனிடம் சொல்வதுபோல்.

ஐசியின் ஒடிந்த ஒன்பதாம் காலில், என் மேசையில் சோதித்தபோது நான் பற்றவைத்த சிவப்புக் கம்பி அப்படியே இருந்தது. எண்ணைத் தேய்த்த பாவிக்கு அது கண்ணில் படவே இல்லையா?