சந்தைக் காசு

2024 நவம்பர் 24, ஞாயிறு

இன்றும் கீழே காபிக்கடையில் அவருடைய பிரசங்கம். சுற்றி நாலைந்து பேர். "என் காசை எடுக்க நான் எதுக்குடா பேங்க்காரன்கிட்ட கையேந்தணும்? பிட்காயின்ல அந்தப் பேச்சே கிடையாது. சாவி எவன்கிட்ட இருக்கோ, காசு அவனுது!" மாடியில் துணி காயப்போட்டபடி கேட்டேன். என் கணவர் தோன் நன்றாகத்தான் பேசுவார். இந்த ஹைஃபோங் நகரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் குரு என்று நினைப்பு.

காலையில் மீன் சாஸ் தீர்ந்துவிட்டது என்று அதே மனிதரிடம் நான் கையேந்தி நின்றேன். "போன வாரம்தானே வாங்கின? குடிக்கிறியா அதை?" என்றார். சந்தைக்கு ஒரு நாளைக்கு வியட்நாம் காசில் ஒரு லட்சம் டாங் தருவார். நல்ல மீன் வாங்கினால் கீரைக்கு மிஞ்சாது. மாலையில் வெங்காயத்தாள் வரை கணக்குச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 30

அவருடைய நண்பன் கியெமைக் கத்தி காட்டி மிரட்டி, போனைத் திறக்க வைத்து, பிட்காயின் முழுவதையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார். வந்ததும் தன் போனிலிருந்தும், சாவி வைப்பதற்கென்றே வாங்கிப் பூட்டி வைத்திருந்த சின்னக் கருவியிலிருந்தும் பிட்காயின் சாவியை அழித்தார். இனி சாவி என்பது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய பன்னிரண்டு சொற்கள்தான். அவற்றை வரிசை மாறாமல் எந்தப் போனில் தட்டினாலும் காசு வந்துவிடும். தட்டுவது யாராக இருந்தாலும் சரி.

"இரும்புத் தகட்டுல பொறிச்சு வைடா" என்றானாம் கியெம். தகட்டின் விலையைக் கேட்டுவிட்டு இவர் சிரித்தாராம். கஞ்சன்.

அந்தப் பிட்காயினில் என் தங்கமும் இருக்கிறது. கல்யாணத்துக்கு அம்மா போட்ட சங்கிலி, மோதிரங்கள். ஒரே குடும்பம், ஒரே சாவி என்று சொல்லி வாங்கிப்போய் விற்றார். சாவியை எனக்கும் காட்டுங்கள் என்றேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்? நான் இருக்கேன்ல?"

டிசம்பர் 3

காகிதத்தை எங்கே வைத்தார் என்று தெரிந்துவிட்டது. நாளும் கிழமையும் இல்லாமல், பூஜைக்குச் சுத்தம் செய்வதுபோல் கையை இஞ்சிச் சாராயத்தில் கழுவிக்கொண்டு, முன்னோர் மாடத்தில் சாம்பல் நிரம்பிய ஊதுபத்திக் கிண்ணத்தை எடுத்தால் வேறென்ன நினைப்பது?

வருடத்தில் ஒரே ஒரு நாள், அடுப்புத் தெய்வங்களை மேலே வழியனுப்பும் நாளில், எரிந்த குச்சிகளைப் பிடுங்கும்போதுதான் அந்தக் கிண்ணத்தின் மேல் கை படும். அதுவும் மகன் கை. மற்ற நாளில் அசைத்தால் முன்னோர் இருக்கை கலைந்துவிடும் என்று திருடன்கூடத் தொட மாட்டான். மருமகளைப் பற்றி அவர் யோசித்தே இருக்க மாட்டார்.

டிசம்பர் 8

அவரும் அத்தையும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். நானும் இஞ்சிச் சாராயத்தில் கை கழுவினேன். மன்னிப்புக் கேட்டேன் — செத்துப்போன மாமனாரிடம், இவரிடம் இல்லை.

சாம்பலுக்குள் இருந்த காகிதத்தில் எல்லாம் ஆங்கிலச் சொற்கள். துணி துவைக்கும்போது முணுமுணுத்தே மனப்பாடம் செய்துவிட்டேன். இங்கே எழுத மாட்டேன். காகிதத்தை இருந்த இடத்திலேயே சாம்பலில் செருகிவிட்டேன்.

என் தங்கத்தின் அளவுக்கு மட்டும் எடுக்கலாமா? எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால்? பயமாக இருக்கிறது.

டிசம்பர் 19

ஒன்றும் செய்யவில்லை. வாங்கிவந்த பூண்டில் பாதி அழுகல் என்று திட்டு வாங்கியதைத் தவிர.

2025 ஜனவரி 14, பௌர்ணமி



எங்கள் சந்திர வருடத்தின் கடைசி மாதம், கிண்ணம் முழுக்கப் பழைய குச்சிகள். அத்தை பத்தி ஏற்றி வைத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாக் குச்சியும் சேர்ந்து குபீரென்று பற்றிக்கொண்டது. கிண்ணம் தானாக எரிந்தால் முன்னோர் மனம் குளிர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தை குழந்தை மாதிரிக் குதித்தார். "வந்துட்டாருடி லுவா! உன் மாமனார் வந்துட்டாரு! இந்த வருஷம் வீட்ல பணம் கொட்டப்போவுது பாரு!"

என் கையில் செம்பு நிறையத் தண்ணீர். பூச்சாடிக்கு எடுத்தது. "ஊத்திடாதடி, பாவம்!" என்று அத்தையே சொல்லிவிட்டார். மருமகள் மாமியார் பேச்சைக் கேட்க வேண்டாமா?

அவர் படியேறி வந்தபோது சாம்பல் கனன்றுகொண்டிருந்தது. காகிதத்தைத் தேடி வெறுங்கையை உள்ளே விட்டார். "என்னம்மா பண்ணித் தொலைச்ச!" என்று அலறினார். சாமி நேரத்தில் என்ன பேச்சு என்று அத்தை அவர் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

வெந்த கைக்கு மருந்து போட்டது நான்தான். சொல்லியிருக்கலாம். அந்தச் சொற்கள் எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை.

ஜனவரி 17

பிட்காயின் இருக்கும் பெட்டியின், அதாவது வாலட்டின், முகவரி மட்டும் அவர் போனில் இருக்கிறது. காசைப் பார்க்கலாம், தொட முடியாது. மணிக்கொரு தரம் பார்க்கிறார். "இருக்குடி, அப்படியே இருக்கு. எவனாலயும் தொட முடியாது" என்று எனக்கும் காட்டுகிறார். காட்டும்போதே அழுகிறார். சாப்பிடுவதில்லை. காபிக்கடைப் பக்கமே போவதில்லை.

பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 20

இன்று காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தே எழுந்தேன். என் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியைக் கொடுத்துவிடலாம். காபி போட்டு எடுத்துப்போனேன்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"காசுன்னு மட்டும் வாயைத் திறக்காத. இனிமே சந்தைக்கு எண்பதாயிரம்தான். உன் வயித்துக்குக் கொட்டியே நான் அழிஞ்சேன்."

காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 30, சந்திரப் புத்தாண்டின் இரண்டாம் நாள்

அம்மா வீடு. போனை விட்டு நகர மனமில்லாமல் அவர் வரவில்லை. "தனியாப் போய்ட்டு சீக்கிரம் வந்து சேரு" என்றார்.

ராத்திரி எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருந்தபோது என் போனில் பன்னிரண்டு சொற்களையும் தட்டினேன். எனக்கென்று புதிதாக ஒரு பெட்டி, புதிய பன்னிரண்டு சொற்கள். எனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். என் தங்கத்தை விற்றபோது யார் கணக்குப் போட்டார்கள்? எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் என் பெட்டிக்கு மாற்றினேன். கொஞ்சம் மட்டும் விட்டு வைத்தேன்.

ஜனவரி 31

காலையில் அவர் போன் செய்தார். நாக்கு குழறியது.

"லுவா, போச்சுடி! எவனோ எடுத்துட்டான்! எரிஞ்சு போனதை எப்படிடி எடுப்பான்? அம்மா என்னடான்னா, செத்துப்போன எங்கப்பாதான் எடுத்துட்டாருங்குது."

"மொத்தமும் போச்சா?"

"கொஞ்சூண்டு விட்டிருக்கான். எண்பதாயிரம் டாங் தேறும். பிச்சை போட்ட மாதிரி."

"போதுமே. இன்னைக்குச் சந்தைக்கு ஆச்சு. வெங்காயத்தாளுக்கும் சேர்த்துக் கணக்கு வச்சுக்குங்க."

என் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். போனை வைத்துவிட்டு மீன் அரியப் போனேன்.