பக்கத்து வீட்டுப் பொண்ணு

ரசம் அடுப்பின் மேல், மோர் உறியில். பீரோ சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

என்னைப் போக வேண்டாம் என்று நீங்கள் தடுத்த ஸ்ரீரங்கத்து முதியோர் இல்லத்துக்கு, அத்தையைப் பார்க்க நேற்றுப் போய் வந்தேன். வேளைக்குச் சோறு, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், குறை ஒன்றுமில்லை. ஆனால் நாதியற்றவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடமாம். மேற்பார்வை அம்மாள் அத்தையின் விண்ணப்பத்தைப் புரட்டும்போது எட்டிப் பார்த்தேன். 'பிள்ளைகள்: இல்லை. ஈமக்கடன் செய்ய உரியவர்: யாருமில்லை.' உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

நான் யார் என்று அந்த அம்மாள் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்கள்.

"ஜீயபுரத்துல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க. ரொம்ப நல்ல பொண்ணு."

நான் கொண்டுபோன கொழுக்கட்டையை யாரோ கொடுத்ததுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். பெற்றவளுக்கு நல்ல பாடம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

ஒன்பது மணி பஸ்ஸில் போகிறேன். உண்மையைச் சொல்லி அத்தையைக் கூட்டிக்கொண்டு, வையம்பட்டியில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அமிர்தம்

மோரை இன்றே குடித்துவிடுங்கள், நாளைக்குப் புளித்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் அண்ணன் வீட்டில் வந்து நின்றால், பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் அத்தையிடம் சொல்வேன். அவர்களும் மறுக்காமல் உங்களை உட்காரச் சொல்வார்கள். நீங்கள் பழக்கியதுதானே.