இரண்டு தீவு, ஒரு சம்பந்தி

பிப்ரவரி 2, திங்கள்

என்னைக் கேட்காமல் என் பயணத்தில் இரண்டாவது தீவு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். தீவோடு சம்பந்தியையும் சேர்த்துவிட்டார்கள். இது அநியாயம். செய்தவர்கள் என் மகளும் மருமகனும். சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு தீவு. கொம்புத் திருக்கை மீன் வரும் தீவு. சலவைக்கடையை நடத்திய காலத்திலேயே, இஸ்திரிப் பெட்டிக்கு மேலே சுவரில் அதன் படத்தை ஒட்டி வைத்திருந்தவள் நான். கடலுக்குள் மூழ்க டாக்டர் இந்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "அடுத்த வருஷம் காதைப் பாத்துட்டுதான் சொல்வேன்" என்றார். காது என்னுடையது, கையெழுத்து அவருடையது.

"அவ்வளவு தூரம் போறதே போறீங்க, ரெண்டையும் சேர்த்துப் பாத்துட்டு வாங்கம்மா. ஜோடி இல்லாம உங்களைத் தண்ணியில விட மாட்டாங்க. அத்தைக்கும் அந்த முங்கின கப்பல் இருக்கிற தீவைப் பாக்கணுமாம்" என்றாள் மகள்.

அத்தை என்றால் அவள் மாமியார். என் தலையில் கட்டப்பட்ட ஜோடி.

பிப்ரவரி 3

சம்பந்தி போன் செய்தாள். சோறு ஆறி, குழம்பு ஆறி, நானும் ஆறினேன். நான் பேசியது "ம்" மட்டும்.

பிப்ரவரி 9

எனக்கு ஏன் கோபம் என்று மகள் கேட்கிறாள். தெரியாதா இவளுக்கு?

இவள் கல்யாணத்தன்று, சபை நடுவில், சம்பந்தி சொன்னாள்: "எங்க சம்பந்தியம்மா யார்கிட்டயும் கத்துக்கல. வீடியோ பாத்தே நீந்தினவங்க." எல்லாரும் சிரித்தார்கள். வீடியோவாம். குளக்கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்று, நீச்சல் வாத்தியார் சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் கேட்டு, அதே குளத்தின் மறுகோடியில் நானே செய்து பார்த்துப் படித்தேன். மூழ்குவதற்கான பரீட்சையை முறையாகத்தான் எழுதினேன். மூன்றாம் தடவை தேறினேன். அவள் முதல் தடவையே தேறினாளாம். அதையும் அவளேதான் சொன்னாள்.

பிப்ரவரி 21, சனி

விமானம். ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு நடு சீட். ஒரு கடலைத் தாண்டும் வரை அவள் வாய் மூடவில்லை. தூங்குவது போல நடித்தேன். "தூங்குறீங்களா?" என்று தட்டி எழுப்பிக் கேட்டாள்.

பிப்ரவரி 23

முதல் தீவு. என் தீவு.

காலையில் கரையோரமாகவே ஒரு சின்ன முழுக்குப் போட்டோம், பழக்கத்துக்கு. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயில் காற்றுக்குழாய் இருந்தால் சம்பந்தி தங்கம். கை நீட்டும் தூரத்திலேயே வந்தாள். அவசரம் இல்லை, ஆட்டம் இல்லை. கட்டை விரலையும் சுட்டு விரலையும் வட்டமாக்கி "நலமா?" என்று காட்டுகிறாள், நானும் காட்டுகிறேன். இந்த அளவு பேச்சு போதாதா மனுஷருக்கு?

மேலே வந்து குழாயை எடுத்தாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 24

காற்று. சிவப்புக் கொடி. படகு இல்லை.

பிப்ரவரி 25

இன்றும் கொடி. கடல் சோப்பு அலசிய தொட்டி மாதிரி கிடக்கிறது. சம்பந்தி சமையல்காரருடன் சீட்டாடி ஜெயித்துவிட்டு வந்து, "எங்க போயிடப்போகுது உங்க திருக்கை? அதுக்கு ஆபீசா?" என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

மத்தியானம் காற்று நின்றது. சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தால் கடல் கஞ்சி போட்டுத் தேய்த்த துணி. படகுக்காரர் கொடியை மாற்றினார்.

ஆனால் நாளை விடிந்ததும் சின்ன விமானம், அடுத்த தீவுக்கு. மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்புக்குள் போன காற்று, உயரத்தில் குமிழியாகிக் கொல்லும். ஒரு முழு நாள் கரையில் காய வேண்டும். ஈரத்துணியைப் பெட்டியில் மடித்து வைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இதை விட்டால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் விமானம். புதன் ராத்திரி ஊர் திரும்பும் பெரிய விமானம். அதாவது, இன்று நான் மூழ்கினால் அவளுடைய கப்பல் போயிற்று.

நான் போய்க் கேட்பேனா? கேட்க மாட்டேன். படகுத் துறையில் போய் நின்றேன்.

"ஜோடி எங்க பாட்டி? மத்தவங்க எல்லாம் நாளைக்கு விமானம், காயிறாங்க. ஜோடி இல்லாம ஏத்த மாட்டேன்" என்றார் படகுக்காரர்.

"யாருக்குப் பாட்டி?" என்றேன். வேறு என்ன சொல்ல? மூழ்கும் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

பின்னால் சம்பந்தி. ரப்பர் உடுப்பை மாட்டி, முதுகு ஜிப்பைப் போட எட்டாமல் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். "என்ன பராக்குப் பாக்குறீங்க? இழுத்து விடுங்க."

"விமானம்?"

"செவ்வாய்க்கிழமைக்கு மாத்தச் சொல்லிட்டேன். ஜிப்பை இழுங்கன்னா."

"உங்க கப்பல்?"

"கப்பல் முங்கி எம்பது வருஷமாச்சு. அது எங்கயும் போகாது. உங்க காது அப்படியா?"

மகள் சொல்லியிருக்கிறாள். இழுத்து விட்டேன்.

அது வந்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். பிறகு, இரட்டைக் கட்டில் விரிப்பை இரண்டு பேர் பிடித்து மெதுவாக உதறினால் எப்படி எழுந்து இறங்கும், அப்படி. சத்தமே இல்லை. தலைக்கு மேலே போய், வயிற்றைக் காட்டித் திரும்பி, மறுபடியும் வந்தது. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர். கண்ணாடி ஒழுகவில்லை, அது புதுசு.

பிப்ரவரி 27

காய்ந்தோம். சீட்டாடினோம். ஏமாற்றி ஆடுகிறாள். நேற்று கண்டதைச் சமையல்காரரிடம் அவளே சொன்னாள், விரிப்பு உதாரணத்தோடு. என்னுடைய உதாரணம்.

மார்ச் 4, புதன்

இரண்டாம் தீவு. இன்று ராத்திரி விமானம், மூழ்க முடியாது. மேலே மிதந்தபடி, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். ஆழத்தில் நீலத்துக்குள் கப்பல் இறங்கிப்போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்தது கொடிமரத்தின் நுனி மட்டும். அதில் ஒரு மஞ்சள் மீன்.

சம்பந்தி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்ததும், "பரவாயில்ல, பெரிய கொடிமரம்தான்" என்றாள். அப்புறம் பேசவேயில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வீடு. விமானத்தில் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். நான் தட்டி எழுப்பவில்லை.

அநியாயம் ஒன்று பாக்கி நிற்கிறது. அவள் கப்பலைப் பார்க்கவில்லை. அதற்கு ஆக வேண்டியது:

மகள்: அடுத்த பிப்ரவரிக்கு டிக்கெட் போட வேண்டும். கப்பல் தீவுக்கு மட்டும், முழு வாரம். வேறு எந்தத் தீவையும் ஒட்டுப் போடக் கூடாது.

மருமகன்: அவர் அம்மாவுக்கு எட்டும்படி நீளக் கயிறு வைத்த ஜிப் உள்ள ரப்பர் உடுப்பு வாங்க வேண்டும்.

டாக்டர்: காதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடும் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். போடவே மாட்டேன் என்றால், சம்பந்திக்கு அங்கே நல்ல ஜோடியாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, அவள் துண்டை வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பேன்.

சம்பந்தி: கல்யாணத்தில் சொன்ன என் நீச்சல் கதையை இனிச் சொல்வதென்றால் குளக்கரையிலிருந்து சொல்ல வேண்டும். ஜன்னல் சீட்டை அவளே வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சொல்ல இன்றைக்கே அவளுக்குப் போன் செய்ய வேண்டியது: நான்.

பேச வேண்டியது: அவள்.