திருகுத் தலையில் கீறல்

ஜூன் 4
முன்பு கப்பலில் வேலை பார்த்த எங்கள் தெருக் கப்பல்காரர் தன் பழைய ஜப்பான் பைனாகுலரை, கடிகாரம், பைனாகுலர் ரிப்பேர் பார்க்கும் மாமா கடைக்குக் கொண்டுவந்தார். விற்கப் போகிறாராம், மதிப்புச் சொல்ல வேண்டுமாம். மாமா கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கீலுக்கு அடியில் காட்டினார்: "மேல இருக்கிறது வித்தவன் பேரு. செஞ்சவன் குறி இங்க இருக்கு பாரு." கடுகளவில் ஜே.பி. என்று எழுத்து, பக்கத்தில் ஓர் எண். பிறகு திருகுகள். ஒன்றிலும் கீறல் இல்லை. "இத யாரும் திறந்ததே இல்லைங்க. நான் சொன்னேன்னு சொல்லியே வில்லுங்க."

வாங்குபவர் வரும்வரை அது கடையிலேயே இருக்கும்.

அத்தை பக்கத்தில் நின்றாலும் மாமா தூரத்தைத்தான் பார்ப்பார் என்றேன். அத்தையே சிரித்துவிட்டார்.

ஜூன் 5
மாமா சாப்பிடப் போன நேரம் பைனாகுலரின் திருகுகளைத் திருப்பி மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிரிசக் கண்ணாடியின் மேல் காகித எறும்பு ஒன்றை ஒட்டினேன். அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த பட்டையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. நாளை மாமா பார்ப்பார், எதிர்மாடியில் யானை சைஸ் எறும்பு!

ஜூன் 6
மாமாவுக்கு முன்னால் வாங்குபவர் பார்த்துவிட்டார். எறும்பு அவர் கண்ணில் படவே இல்லை. "என்னங்க, தண்ணித் தொட்டி ரெண்டாத் தெரியுது?" நான் பட்டையைத் தளர்த்தியதில் பிரிசம் நகர்ந்திருக்கும்.

மாமா வாங்கிப் பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்துத் திருகுகளைப் பார்த்தார். நான் போட்ட கீறல். "முன்னாடியே இருந்திருக்கும். நான்தான் கவனிக்கல."

வாங்குபவர் போய்விட்டார். கப்பல்காரர் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை என் பக்கம் திரும்பி, "இவ கை எதுவும்..." என்று இழுத்தார். மாமா விடவில்லை. "சும்மா இரு. விளையாட்டுக்குப் பொய் சொல்லுவா. இதுலெல்லாம் சொல்ல மாட்டா."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? வாய் நீளம் என்று ஊரே சொல்லும் — அது எங்கே போச்சு?

ஜூன் 7
மாமா சுவரில் இருக்கும் காலண்டரை ஒரு கண்ணை மூடிப் படிக்கிறார். பிறகு மறு கண்ணை.

ஜூன் 8
"இனிமே மதிப்பெல்லாம் சொல்ல வேணாம்னு பாக்கிறேன். கண்ணு ஏமாத்துது" என்று அத்தையிடம் சொன்னார்.

சொல்லிட்டேன். எறும்பு, பட்டை, தலையாட்டினது, எல்லாம். திட்டுவார்னு பார்த்தேன். திட்டவே இல்ல.

"உள்ள ஒரு எறும்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நீயே வந்து சொல்லணும்."

ஜூன் 9
சொன்னேன். கப்பல்காரர் சிரித்தார். வாங்குபவர் சிரிக்கவில்லை. இரண்டுமே குத்தியது.

ஜூன் 20
மாமா மறுபடி மதிப்புச் சொல்கிறார். பார்த்து முடித்ததும் ஒவ்வொரு திருகுத் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைக்கிறார். யாராவது திறந்தால் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நெயில் பாலிஷ் என்னுடையதுதான். கேட்டுத்தான் வாங்கினார்.