இடப்பக்கத்துப் பப்பாளி

ஹராமிஹோ
ஜனவரி, ஞாயிறு மதியம், கடை மூடிய பிறகு

நான் பெறாமல் வளர்த்த என் மகளே மரியுக்ஸி,

இங்கே நான், உன் அத்தை நியேவெஸ், சூப்புக் கடை, கடைக்குப் பின்னால் தூங்கும் கிழட்டு நாய் எல்லோரும் சுகம், என்னுடைய சுகத்தில் மட்டும் ஒரு கைப்பிடி குறைவு, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே முர்சியாவில் உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, நீ பார்த்துக்கொள்ளும் அந்த ஸ்பானியக் கிழவி இன்னும் உன்னைச் சோறு வடிக்கத் தெரியாதவள் என்று திட்டுகிறாளா என்று எழுது. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து படி. எலியோதோரோ மேராவாகிய நான், வலது கையை உயர்த்தி (இடது கையை உயர்த்த முடியவில்லை, காரணம் பின்னால் வரும்), இந்தக் கடற்கரை உண்டான நாளிலிருந்து எவனும் நம்பாத, இனியும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்லப் போகிறேன். சூரை மீன் ஒன்று படகு மோட்டாரை விழுங்கிவிட்டு கலாபகோஸ் வரை தானாகவே ஓடிப்போன கதையைக்கூட நாலு பேர் நம்பினார்கள். இதை நம்ப ஒருவர்கூட இல்லை.

நவம்பரில் எனக்குப் பித்தப்பையில் கல் என்றும், கோழிமுட்டை அளவு என்றும், டாக்டர் அதைத் தன் மனைவிக்கு மோதிரம் பண்ணக் கேட்டார் என்றும் போனில் சொன்னேன் அல்லவா, என் பித்தப்பை பிறந்தபடியே பத்திரமாக இருக்கிறது. அறுத்து எடுத்தது என் இடது மார்பை. ஆம், மார்பைத்தான், புற்றுநோய். ஆணுக்கு வருமா என்று கேட்காதே, போர்ட்டோவியேஹோ ஆஸ்பத்திரியில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பது பெண்களும் அதையே கண்ணால் கேட்டுவிட்டார்கள். நர்ஸ் வந்து திருமதி மேரா, திருமதி மேரா என்று கூவினாள், இந்த மீசையோடு நான் எழுந்து நின்றேன், பக்கத்திலிருந்த அம்மாள் பரிதாபமாக, “யாரைங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க?” என்றாள், “என்னையேதாம்மா கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னைத் தத்து எடுத்துக்கொண்டார்கள், வறுத்த வாழைக்காயை ஊட்டாத குறை. நான் பேசப் பேச ஒருத்திக்குத் தையலே பிரிந்துவிடும் போலிருந்தது என்றால் பார்த்துக்கொள்.

அறுத்தது அறுத்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று நான் பாட்டுக்குத் தொப்பியைத் தேட, டாக்டர் யாதிரா லோர், உன்னைவிடச் சின்னப் பெண், உட்காரச் சொன்னாள். “ஐயா, அக்குள்ல எடுத்த நிணநீர் முடிச்சு ரெண்டுலயும் புத்துநோய் இருந்துச்சு. கீமோ ஏத்தணும், அப்புறம் கதிர் வைக்கணும், அப்புறம் அஞ்சு வருஷம் மாத்திரை. செஞ்சா திரும்பி வர்ற வாய்ப்பு நல்லாவே குறையும். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். முடிவு உங்களோடது” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண், இந்த மாகாணத்தில் எப்படிப் பிறந்தாளோ. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டாள், என் தங்கைக்கு, உன் அம்மாவுக்கு, என்றேன். அறுவைக்குப் பிறகு என்ன செய்தாள் என்று கேட்டாள். போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றேன். நீ அப்போது என் கடை மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாய். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. புது வருஷம் பிறந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியிலேயே வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று, காரணங்கள் எல்லாம் உலகத்தரமானவை. முதலாவது, கீமோ ஏற்றினால் மயிர் கொட்டும், இந்த மீசையைப் பார்த்துத்தான் இருட்டில் படகுகள் கரை சேருகின்றன, நான்கு குடும்பங்கள் கடலில் தத்தளித்தால் யார் பொறுப்பு. இரண்டாவது, அந்தக் கூடத்தில் ஒருத்தி சொன்னாள், ஏற்றிய பிறகு தன் அடுப்படி வாசனையே ஆகவில்லை என்று. மீனும் வெங்காயமும் மரவள்ளியும் கொதிக்கிற பானைக்கு முன்னால் நாற்பது வருஷம் நின்றவன், அந்த வாசனை ஆகாமல் போனால் எதற்கு இருப்பது. மூன்றாவது, ஊருக்குத் தெரிந்தால் என்னைத் திருமதி என்று கூப்பிடுவான்கள். இதையெல்லாம் மேடைப்பேச்சு மாதிரி உன் அத்தையிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தாமலே, “யோவ், நான் உனக்குப் பொண்டாட்டியா, உன் மீசைக்குப் பொண்டாட்டியா?” என்றாள். பிறகு பேச்சே இல்லை. உன் அத்தை வாயை மூடினால் அது சமாதானம் இல்லை, ஆயத்தம் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

டிசம்பர் கடைசி நாள் வந்தது. நள்ளிரவில் கொளுத்தப்போகிற பழைய வருஷத்தின் பொம்மையை மரத்தூள் அடைத்துத் தெருமுனையில் உட்கார வைத்தாயிற்று, வழக்கம்போல் அதன் விதவைகளாக வேஷம் கட்டிய ஆம்பளைகள் நாங்கள் கறுப்புப் பாவாடை, பொய்முடி, உதட்டுச்சாயம் சகிதம் சாலையை மறித்துக் கயிறு பிடித்து, வருகிற வண்டியையெல்லாம் நிறுத்தி ஒப்பாரி வைத்துச் சில்லறை பிடுங்கிக்கொண்டிருந்தோம். தலைமை விதவை யார் என்று உனக்குத் தெரியும், இரண்டு பப்பாளியை உள்ளே வைத்துக்கொண்டு நான் நடந்தால் பஸ்கள் தாமாகவே நிற்கும். இந்த வருஷம் இடப்பக்கம் துணி பட்டாலே வலி, அதனால் வலப்பக்கம் மட்டும் ஒரு பப்பாளி வைத்தேன். டயர்க் கடை வில்மர் கவனித்துவிட்டான். “பெருசு, இன்னொண்ணை எங்க? காலையிலயே தின்னுட்டியா?” என்றான். என்ன பேய் பிடித்ததோ, உண்மையைச் சொன்னேன். “டாக்டர் அறுத்து எடுத்துட்டாருடா, புத்துநோய்” என்றேன். மகளே, இந்த ஊர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வில்மர் சாலையில் உருண்டான், பஸ் டிரைவர் ஸ்டீரிங்மேல் கவிழ்ந்ததில் ஹாரன் நிற்கவே இல்லை. நான் ஆஸ்பத்திரி, நர்ஸ், திருமதி மேரா என்று ஒன்றுவிடாமல் சத்தியம் பண்ணிச் சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காசு போட்டார்கள், “இந்த வருஷம் எல்லையே தாண்டிட்டாருடா” என்றான் வில்மர்.

சிரிக்காதவன் ஒருவன்தான், கொலோன் அன்சுண்டியா. நம் கடையில் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவதற்குக் கடன் சொல்வானே, அந்த மலை. ஐஸ் லாரிக்குப் பின்னால் என்னை இழுத்துப்போனான், பொய்முடி கோணலாக, கண்மை கன்னத்தில் வழிய. “அண்ணே, எனக்கும் இருக்கு. ஈஸ்டருக்கு முன்னாடி கடுகாட்டம் இருந்துச்சு, இப்ப எலுமிச்சம்பழம்” என்று தன் பஞ்சு மார்பைத் தொட்டான். “நாளைக்கே போய்க் காட்டுடா மடையா” என்றேன். “நீயே மேற்கொண்டு எதுவும் வேணாம்னுட்ட. நீ ஓடி ஒளியலாம், நான் மட்டும் போய் உக்காரணுமா?” என்று விம்மி விம்மி அழுதான். இரண்டு விதவைகள் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து லாரிக்காரன் கேட்காமலே ஒரு டாலர் தந்தான். அவன் குழந்தைகள் மூன்று பேரும் கண்முன் வந்தார்கள், நீ மேசைக்கு அடியில் தவழ்ந்ததும் வந்தது. “நான் உக்காந்தா நீ காட்டுவியா?” என்றேன். “நீ முன்னாடி உக்காரு” என்றான்.

புது வருஷத்து முதல் வியாழன், போர்ட்டோவியேஹோ போனோம், உன் அத்தையும் கூட வந்தாள், முகம் கல் மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்தேன், ஊசி ஏறிற்று, மண்ணெண்ணெய் கலந்த பழச்சாறு மாதிரி சிவப்பாக ஏதோ இறங்கத் தொடங்கியது. “சரி, இப்ப நீ போய் டாக்டர்கிட்ட காட்டு” என்றேன். கொலோன் அங்கேயே சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான், கால்பந்து மைதானம் மாதிரி மார்பு, ரோமத்தைத் தவிர ஒன்றும் இல்லை. “எங்கடா எலுமிச்சம்பழம்?” என்றேன். “மீன் மேல பிழிஞ்சு தின்னாச்சு அண்ணே” என்றான். அப்போதுதான் உறைத்தது, நான் வேண்டாம் என்று முடிவு செய்தது அவனுக்கு எப்படித் தெரியும், அதை நான் உன் அத்தையைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லையே. திரும்பிப் பார்த்தால் அவள் ஜன்னலுக்கு வெளியே மரத்தை ரசித்துக்கொண்டிருக்கிறாள், தோள் மட்டும் குலுங்குகிறது. கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். நாற்பது வருஷம் இந்தக் கரை முழுக்கப் பொய் விற்றவன், ஒரு பொய்யை முழு விலை கொடுத்து வாங்கிவிட்டேன், எழுந்து ஓடவும் வழியில்லை, கையில் குழாய். கொலோனைத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தீர்த்த பிறகு, “அப்ப லாரிக்குப் பின்னாடி அவ்வளவு அழுதியேடா, அதுவும் அவ சொல்லிக் குடுத்ததா?” என்று கேட்டேன். “அதை அண்ணி சொல்லிக் குடுக்கல” என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஆக முடிவு ஆகிவிட்டது, முடிவு செய்தவன் நான் அல்ல என்பது வீட்டுக்குள் இருக்கட்டும். இரண்டு நாள் குமட்டல், வாந்தி எடுத்த சத்தத்தில் கடல் ஒரு மைல் பின்வாங்கிற்று, இன்று கொஞ்சம் சூப் இறங்கியது. மீசை இன்னும் இருக்கிறது, ஆனால் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டது போலத் தெரிகிறது. இப்போது உன் விஷயம், இதில் விளையாட்டு இல்லை. உன் அம்மாவுக்கும் எனக்கும் வந்தது உன் ரத்தத்திலும் இருக்கலாம், அங்கே பரிசோதனை உண்டு, போய்ச் செய்துகொள் என்று டாக்டர் லோர் சொல்லச் சொன்னாள். கிழவியிடம் ஒருநாள் லீவு கேள், தராவிட்டால் நான் அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன். அழுதுகொண்டு விமான டிக்கெட் வாங்காதே, ஆகஸ்டில் வா, அப்போது மொட்டையிலும் மயிர் முளைத்திருக்கும். அத்தையைத் திட்டாதே, உனக்குச் சொல்லாமல் மறைத்தது நான். கொலோனின் கொழுந்தியாள் அங்கே வருகிறாள், இந்தக் கடிதத்தோடு நீ சோற்றில் போட்டுத் தின்னும் கடலைச் சோளப் பொடியும் கொடுத்திருக்கிறேன், பாதியை அவள் வழியிலேயே தின்றிருப்பாள், மீதியைக் கேட்டு வாங்கு.

நல்லபடியாக இரு, நன்றாகத் தின்னு, மந்த்செரத் மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். அடுத்த முறை ஏற்றுவது இந்த மாதக் கடைசி வியாழன், காலையில் கூப்பிடு, மறக்காதே. இந்தக் கடிதத்தில் பப்பாளியின் அளவு, பஸ் ஹாரன், பின்வாங்கிய கடல் எல்லாவற்றையும் நீ வழக்கம்போல் பாதியாக வெட்டிக்கொள்ளலாம். ஆனால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்த இடத்தில், எனக்குப் பயமாக இருந்தது என்று ஒரு சின்ன வரி எழுதினேன் அல்லவா, அது நிஜம். நீ கூப்பிடும்போது பயமெல்லாம் போய்விட்டது என்று சொல்வேன். நம்பாதே, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இரு.

உன் மாமா,
எலியோதோரோ மேரா
(தலைமை விதவை, ஹராமிஹோ)