வாப்பாட சோறு, உன்ட சைக்கிள்

ஸப்ரி,

வாப்பாட சோறு மேசையில மூடிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு நீதான் கொண்டு வரவேணும். மோட்டார் சைக்கிள் சாவியை நான் எடுத்துட்டன், தேடிக் களைக்காத. களைப்பைச் சைக்கிளுக்கு மிச்சம் வை. கல்லடிப் பாலத்தில மூச்சு வாங்கினா இறங்கி நிண்டு, வாவியைப் பாக்கிற மாதிரி நடி.

வாப்பாட இரத்தச் சீனி வருத்தம் பதினஞ்சு வயசில உனக்கும் தொடங்கிட்டு எண்டு டொக்டர் சொல்லியும், "என்ட உடம்பு, உனக்கென்ன காக்கா" எண்டு மூத்தவன் எனக்கே சொல்லிட்டு நேத்தும் போனோட படுத்தாய்.

அந்தச் சீனியால நாளைக்கு வாப்பாட வலது காலை முழங்காலோட எடுக்கப் போறாங்க. நீ சைக்கிள் பழகக்குள்ள சீற்றைப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால ஓடின கால்.

காக்கா

உன்ட போன் சார்ஜரைத் தேடாத. வாப்பாட தலகாணிக்குக் கீழ இருக்கு. நான் ஒளிக்கல்ல, அவர்தான் கொண்டுவரச் சொல்லி வாங்கி வச்சார்.