பிசின் மணிக்குள் இருந்தவள்

1942 ஜனவரி 30, வெள்ளி
உடுவில்

இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் பிந்திப் போனேன். தலைமையாசிரியை கேட்டதற்குச் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்றேன். குளவி பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் யார் நம்புவார்?

அண்ணையின் பெண்சாதி நல்லம்மா மச்சாள் வெள்ளி முழுக்குக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக் கிணற்றடியில் ஊற இருந்தார். அவர் கழுத்தில் அந்தப் பிசின் மணி. ஏதோ ஒரு யுகத்து மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லாய் இறுகியது. போன வருஷம் லீவில் வந்தபோது பரமலிங்க அண்ணை ரங்கூனிலிருந்து கொண்டுவந்து, கறுப்புக் கயிற்றில் கோத்துத் தன் கையாலேயே மச்சாளுக்குக் கட்டிவிட்டார். மேலெல்லாம் கீறல். உள்ளே ஒரு பூச்சி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. இன்று நல்லெண்ணெய் வழிந்து மணியில் பட்டதும் கீறல் முழுக்க மறைந்துபோயிற்று. பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

குளவியேதான். கொசுவளவு. இடை நூல்போல ஒடுங்கியிருக்கிறது. சிறகின் நரம்புகள்கூடத் தெரிகின்றன!

"கழுத்தை ஆட்டாதேங்கோ மச்சாள்."

"உமக்கென்ன விசரே? எண்ணெய் கண்ணுக்கை போகுது."

கட்டிவிட்ட அன்று, என் பூச்சிப் பைத்தியம் தெரிந்த அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது: "பத்மா, உதுக்குள்ளை இருக்கிறது ஆர்ரை ஆள், என்ன குடும்பம் எண்டு கண்டுபிடிச்சு வை. அடுத்தமுறை வந்து கேப்பன்."

பெப்ரவரி 6, வெள்ளி

மறுபடி கிணற்றடி. முன்சிறகைப் படம் கீறினேன். நரம்புகளுக்கு நடுவே உள்ள அறைகளைப் பார்த்துத்தான் குளவிகளின் குடும்பம் பிரிப்பது. ஆதியில் இருந்த குளவிகளுக்கு ஒடுங்கிய இடை கிடையாது. சிறகு நிறைய அறைகள். வழிவழியாக வர வர இடை ஒடுங்கிற்று, நரம்புகள் குறைந்தன, அறைகள் திறந்துபோயின. எங்கள் வீட்டுக் கூரையில் மண்கூடு கட்டுகிற குளவியோடு ஒப்பிட்டால் இவளுக்கு அறைகள் கூட. இடையைப் பார்த்தால் புதிய ஆள், சிறகைப் பார்த்தால் பழைய ஆள். என்ன கூத்து இது?

கலியாணப் பேச்சில் தாய்வழி தந்தைவழி விசாரிக்கிற மாதிரித்தான் இருக்கிறது என் வேலை.

நுனி அறை ஒன்று மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? அதற்கு நேர் மேலே ஓர் ஆழமான கீறல். எண்ணெய்க்கும் அடங்கவில்லை.

மார்ச் 10

ரங்கூன் யப்பான்காரனிடம் விழுந்துவிட்டதாம். பேப்பரில் இருக்கிறது. அண்ணையின் கடைசிக் கடிதம் மார்கழியில் வந்தது. மச்சாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உலை வைத்தார்.

ஜூன் 19, வெள்ளி

கேட்டுவிட்டேன். மணியின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லத் தேய்த்துத் தட்டையாக்கினால் அந்தக் கீறல் போய்விடும், அறை தெரியும் என்றேன்.

"அவர் கட்டிவிட்டது பத்மா. அவர் வந்து கழட்டட்டும்."

"ஒரு நாளைக்குத்தான் மச்சாள்."

"ஒரு நாளைக்கும் இல்லை."

கோபம் வந்தது. அவர் வந்துவிட்டால் நீங்கள் தரத்தான் போகிறீர்கள் என்று வாய்வரை வந்தது. 'வந்துவிட்டால்' என்ற சொல்லுக்குப் பயந்து விழுங்கினேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கனகரத்தினம் மாமாவும் மாமியும் வந்தார்கள். மச்சாள் தலையில் எண்ணெயோடு நின்றார். மாமி ஏற இறங்கப் பார்த்தார். "புருஷன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியேல்லை. இவளுக்கு முழுக்கொரு கேடு" என்று, மச்சாளுக்குக் கேட்கத்தான் சொன்னார்.

நான் பேசிவிட்டேன். கொஞ்சமல்ல. "அண்ணையைக் காணேல்லையெண்டு உங்களுக்குச் சாப்பாடு ஒருநாளும் தவறேல்லையே மாமி?" என்று கேட்டேன். மாமா கோபித்துக்கொண்டு வெற்றிலைத் தட்டத்தைத் தொடாமல் எழும்பிப் போனார். போகட்டும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மச்சாள் எண்ணெய் வைக்கவில்லை.

செப்டெம்பர் 25

ஏழு வெள்ளி போயிற்று. மச்சாளின் தலை பறட்டையாய்க் கிடக்கிறது. மணி பழையபடி மங்கிவிட்டது. குளவி ஒரு கறுப்புப் புள்ளி. எனக்கு அழுகை அழுகையாய் வருகிறது. யாருக்காக? மச்சாளுக்காகவா, அந்த நுனி அறைக்காகவா? சீ, நானும் ஒரு மனுஷியா.

1943 பெப்ரவரி 14, ஞாயிறு

அண்ணையோடு ரங்கூன் துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த நீக்கிலாப்பிள்ளை என்பவர் விசாரித்துக்கொண்டு வந்தார். பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து தப்பியவர். ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தாராம். சேர்ட்டுக்குள் உடம்பே இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தார்களாம். மலையில் மழை. அண்ணைக்கு வயிற்றோட்டம். மூன்றாம் நாள் விடிய எழும்பவில்லை.

"தனிய விட்டிட்டு வரேல்லைத் தங்கச்சி. கையாலை கிண்டித் தாட்டுப்போட்டுத்தான் வந்தனான்" என்றார். மச்சாளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

மச்சாள் எழும்பிப் போய் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். "சீனி காணுமோ?" என்று கேட்டார். வந்தவர் போய்ப் படலை சாத்தும்வரை மச்சாள் நின்றார். பிறகுதான் விழுந்தார். என்ரை அண்ணை. என்ரை அண்ணை மலையிலை கிடக்கிறார், ஒரு பிடி அரிசி போடவும் ஆளில்லாமல். ஐயோ, என்னாலை எழுதேலாது.

மார்ச் 17

கீரிமலையில் அண்ணையின் காரியம் முடிந்தது. தாலி கழற்றியாயிற்று. மாமி அழுதார், உண்மையான அழுகைதான். அவர்மேல் எனக்கிருந்த கோபத்தைத் தேடினேன், காணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கறுப்புக் கயிற்றோடு மணியை என் கையில் வைத்தார். "இனித் தேய்ச்சுப் பாரும்." அவ்வளவுதான்.

எத்தனை வெள்ளி ஆசைப்பட்டேன் இதற்கு. பவுடர் டப்பாவுக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 2

டப்பாவைத் தூசி தட்டினேன். திறக்கவில்லை.

1944 ஏப்ரல் 21, வெள்ளி

பள்ளிக்கூட விடுமுறை. விறாந்தையில் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மச்சாள் டப்பாவைக் கொண்டுவந்து தாள்களுக்கு மேலே வைத்தார்.

"என்ன, வைச்சுப் பூசை செய்யப் போறீரோ?"

"வேண்டாம் மச்சாள். எனக்கு மனமில்லை."

"அவர் உம்மட்டை ஒண்டு கேட்டவரெல்லே? ஆர்ரை ஆள் எண்டு. மறுமொழி சொல்லாமல் விடப் போறீரோ?"

நான் தாள்களை ஒதுக்கினேன். அதற்குள் அவர் சாமியறைச் சந்தனக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் தேய்த்தேன், அவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். "மெல்ல, மெல்ல, அவளுக்கு நோகும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு காலம்! பிறகு கணவாய் மீன் ஓட்டைத் தூளாக்கித் துணியில் வைத்து மினுக்கினேன். ஆழமான கீறல் போய்விட்டது. ஆனாலும் மெல்லிய புகை மூட்டம்.

"எண்ணெய் வேணுமோ?" என்றார் மச்சாள். அவரே குசினிக்குள் போய்ப் போத்தலோடு வந்தார். விரலைத் தோய்த்து மணியின் மேல் வைத்தார்.

தெளிந்தது.

நுனி அறை மூடியிருக்கிறது. நாலு பக்கமும் நரம்பு, ஒரு இடைவெளியும் இல்லை. இடை ஒடுங்கியபின்னும் பழைய சிறகை விடாதவள். இரண்டு வழிக்கும் நடுவே நிற்கிறவள். நான் படித்த எந்தக் குடும்பத்திலும் இவளை வைக்க இடமில்லை. இவளுக்குத் தனியாக ஒன்று வேண்டும். யுத்தம் முடிந்ததும் கல்கத்தா மியூசியத்துக்கு எழுதவேண்டும். அண்ணை, கேட்டீங்களோ? மறுமொழி இதுதான்.

மச்சாளுக்குச் சொன்னேன். கண்ணாடியை வாங்கிக் கனநேரம் பார்த்தார். "வடிவாயிருக்கிறாள்" என்றார்.

கண்ணாடியைத் திருப்பித் தந்துவிட்டுத் தன் விரலைப் பார்த்தார். அதில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. சேலையில் துடைக்கப் போனவர், துடைக்காமல், அதை உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். நான் குனிந்து சிறகின் அறைகளை இன்னொருமுறை எண்ணினேன். போத்தலை மூடாமல் அங்கேயே விட்டேன்.